யுக்திப் போட்டிகளும் கம்பம் பள்ளத்தாக்கும்

புதிய யுக்திகளைக் கண்டுபிடிக்கும் வாலிபர்களுக்கென்று ஒரு போட்டி நடக்கிறது, அதற்கு நீங்களும் வந்து ஒரு நடுவராக அமர வேண்டும் என்று, தேனி ஜில்லாவிலுள்ள ஒரு கலாசாலையின் நிர்வாகிகள் சில மாதங்களுக்கு முன் நம்மை அழைத்திருந்தார்கள். இயந்திர சாஸ்திரத்தில் நமக்குள்ள ஞானம் சைக்கிளுக்குக் காற்றடிப்பதோடு சரி. நாம் கற்றது சட்டம். செய்வது பத்திரிகைத் தொழில். சட்டமறிந்த ஒருவரும் நடுவர்களில் இருக்க வேண்டுமென்று அவர்கள் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டு போனோம்.

மேடைக்குப் பின்னால் தொங்கிய பெரிய திரையில், போட்டிக்குத் துணை நிற்கும் ஸ்தாபனங்களின் இலச்சினைகள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. எண்ணிப் பார்த்தோம்; பதினான்கு. சர்க்கார் இலாகாக்கள், கம்பெனிகள், ஒரு பாங்கி, ஒரு நகைக்கடை, சில சங்கங்கள். அவற்றின் பெயர்களைப் படித்து நன்றி சொல்லி முடிக்க வரவேற்புரை வழங்கியவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. பிறகு மாணாக்கர்கள் வந்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு குழுக்கள். அவற்றில் ஆறு குழுக்கள் ஒரே மாதிரியான கருவியைக் கொண்டுவந்திருந்தன. மண்ணில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று கண்டறிந்து கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி அது. நான்காவது குழு வந்தபோது நாம் ஒரு கேள்வி கேட்டோம்: "இதை எந்தத் தோட்டத்தில் வைத்துப் பார்த்தீர்கள்?" பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெண், "பூந்தொட்டியில் வைத்துப் பார்த்தோம், சார்" என்று உண்மையைச் சொன்னாள். பற்றுவைக்கும் இரும்பு சுட்ட தழும்பு அவள் விரலில் தெரிந்தது. இரவு பகலாக உழைத்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மண்டபத்தின் ஜன்னலுக்கு வெளியே, கல்லெறி தூரத்தில், திராட்சைப் பந்தல்கள் கண்ணுக்கெட்டியவரை பரந்து கிடந்தன. அந்தப் பந்தலின் கீழ் நிற்கும் ஒருவரையும் மண்டபத்துக்குள் யாரும் அழைத்திருக்கவில்லை. பதினான்கு இலச்சினைகளில் திராட்சை விவசாயிகளுடையது ஒன்றுகூட இல்லை.

குற்றம் அந்தப் பிள்ளைகளுடையதன்று என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

இப்போட்டிகள் இன்று நாடெங்கும் பெருகியிருக்கின்றன. 1993-ம் வருஷம் முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை நமது மாகாணத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் முன்னின்று நடத்திவந்திருக்கிறார்கள். மத்திய சர்க்காரின் அறிவியல் தொழில்நுட்ப இலாகாவும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'இன்ஸ்பையர் மானக்' திட்டத்தில், பள்ளிக்கு ஐந்து யோசனைகள் வீதம் பெற்று, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு மாணாக்கருக்கும் மாதிரிக் கருவி செய்ய 10,000 ரூபாய் கொடுக்கிறார்கள். 2017-ல் ஆரம்பமான 'ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தான்' கலாசாலை மாணாக்கருக்கானது. சர்க்கார் இலாகாக்களும் கம்பெனிகளும் தத்தம் பிரச்னைகளை வினாக்களாக எழுதிக் கொடுக்க, ஆறு பேர் கொண்ட குழுக்கள் 36 மணி நேரம் ஓயாமல் உட்கார்ந்து விடை காண்கின்றன. குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தே தீரவேண்டும் என்ற விதியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். தமிழ்நாட்டு சர்க்காரோ பள்ளிக்கல்வி இலாகா, தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், ஐக்கிய நாடுகளின் யுனிசெப் ஸ்தாபனம் ஆகிய மூன்றையும் ஒன்றுகூட்டிப் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தை நடத்தியது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'நிரல் திருவிழா' என்ற போட்டியும் கலாசாலைகளுக்கு வந்தது. போடியிலுள்ள சர்க்கார் இஞ்சினீயரிங் கலாசாலை முதல் நமது ஜில்லாவின் கலாசாலைகளில் ஒரு போட்டி முடிவதற்குள் அடுத்ததின் அறிக்கை வந்துவிடுகிறது.

சர்க்கார் தனித்து நின்று இக்காரியத்தைச் செய்துவிட முடியாது. ஆகவே பல ஸ்தாபனங்கள் கைகோத்துக்கொள்வதை வரவேற்கவே வேண்டும். ஆனால் கைகோப்பதென்றால் என்ன? ஒருவர் பணம் கொடுக்கலாம். ஒருவர் பட்டறையைத் திறந்துவிடலாம். ஒருவர் அனுபவமுள்ள ஆளை அனுப்பி வழிகாட்டச் சொல்லலாம். ஒருவர், செய்த கருவியை முதலில் வாங்கிக்கொள்ளும் கிராக்கியாக வரலாம். இவை யாவற்றினும் பெரிய உதவி, நல்ல கேள்வியைக் கொடுப்பது. திரையில் பெயர் போட்டுக்கொள்ள வருகிறவர்களில் எத்தனை பேர் கேள்வியோடு வருகிறார்கள்?

நல்ல கேள்வி என்று நாம் எதைச் சொல்லுகிறோம் என்பதை விளக்க ஒரு பழைய சங்கதியை இங்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. இப்போதுள்ள போட்டிகளையெல்லாம் நடத்துகிறவர்கள் இதைப் புதிய மேனாட்டு ஏற்பாடென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1929-ம் வருஷத்திலேயே நமது தேசத்தில் இப்படியொரு போட்டி நடந்தது. அகில பாரத சர்க்கா சங்கத்தார், மகாத்மா காந்தியின் முயற்சியால், திருத்தமான ஒரு நூற்கும் இயந்திரத்தைச் செய்து கொடுப்பவருக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள். இந்தியர் மட்டுமல்ல, எந்த நாட்டாரும் போட்டியிடலாம் என்றார்கள். அக்காலத்து லட்ச ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

அந்தப் பரிசைவிட அதன் நிபந்தனைகளையே நாம் பெரிதாக மதிக்கிறோம். இயந்திரம் இலேசானதாக, எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கையாலோ காலாலோ, சாதாரணக் குடிசை வீட்டில் வைத்து ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு ஸ்திரீ அதிகக் கஷ்டமில்லாமல் எட்டு மணி நேரம் அதில் வேலை செய்ய வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையுள்ள நூல் 16,000 அடி வரவேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. இந்தியாவிலேயே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இருபது வருஷம் உழைக்க வேண்டும். வருஷத்துக்கு ரிப்பேர்ச் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது.

நேயர்கள் இந்த நிபந்தனைகளை இன்னொரு முறை படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இதில் யாருக்காகச் செய்யவேண்டும் என்பது இருக்கிறது. அவள் வீடு எப்படிப்பட்டது என்பது இருக்கிறது. அவள் உடம்பின் பலம் எவ்வளவு, அவள் பணப்பையில் எவ்வளவு இருக்கும், பழுதுபட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் இருக்கின்றன. இத்தனையும் கிராமத்தில் போய் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கல்லாமல் வேறொருவருக்குத் தோன்றாது.

அந்தப் பரிசை ஒருவரும் வாங்கவில்லை என்பதும் உண்மைதான். வந்த இயந்திரங்களில் எதுவும் நிபந்தனைகள் முழுவதையும் நிறைவேற்றவில்லை. சங்கத்தாரும் தாட்சண்யத்துக்காக நிபந்தனையைத் தளர்த்திப் பரிசைக் கொடுத்துவிடவில்லை. போட்டி தோற்றது என்று அன்று பரிகசித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் கேள்வி தேசத்திலேயே தங்கிவிட்டது. இருபது வருஷங்களுக்குப் பின், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்ற தமிழர், ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களில் நூற்கும் ராட்டினமொன்றைச் செய்து முடித்தார். அவர் பெயரிலிருந்தே அதற்கு 'அம்பர் சர்க்கா' என்ற பெயர் வந்தது. 1950-களில் மத்திய சர்க்கார் அதைப் பரீட்சித்துப் பார்த்து நாடெங்கும் பரப்பியது. இன்றைக்கும் கதர் நிலையங்களில் அதன் வழிவந்த ராட்டினங்கள் சுழல்கின்றன. 36 மணி நேரத்தில் விடை வரவேண்டுமென்று எதிர்பார்க்கும் நமது காலத்தவர், ஒரு கேள்விக்கு இருபது வருஷம் காத்திருக்க நேர்ந்ததையும் கவனிக்க வேண்டும்.

இனி நமது பள்ளத்தாக்குக்கு வருவோம்.

கம்பம் பள்ளத்தாக்கே ஒரு யுக்தியின் பலன்தான். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினால் மதுரைச் சீமை பிழைக்கும் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேதுபதி சமஸ்தானத்தாருக்கு இருந்தது. நூறு வருஷத்துக்குப் பின் கர்னல் பென்னிகுயிக் 1887-ல் வேலையைத் தொடங்கி 1895-ல் அணையை முடித்தார். சுரங்கத்தின் வழியே அந்நீர் லோயர் காம்ப்பில் வந்து விழுந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகப் போகிறது. பள்ளத்தாக்கில் மட்டும் ஏறத்தாழ 15,000 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. இங்கே பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயரிடும் குடியானவர்கள் இருக்கிறார்கள். பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். யந்திர வித்தையின் அருமையை இந்த ஜில்லா ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

அப்படிப்பட்ட ஊரில் கேள்விக்கா பஞ்சம்?

திராட்சையை எடுத்துக்கொள்வோம். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டிப் பந்தல் போட்டவனுடைய கவலை குறியீட்டினால் தீர்ந்துவிடவில்லை. கவாத்துச் செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் அறுப்புக்கு வரவேண்டும். பழுக்கும் தறுவாயில் நான்கு நாள் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். பனியும் மூட்டமும் சேர்ந்தால் செவட்டை நோய் இலையில் இறங்கும். நோய் வருமோ வராதோ என்ற பயத்திலேயே குடியானவன் மருந்தை அடிக்கிறான். வராத நோய்க்கும் அடிக்கிறான். பக்கத்துத் தோட்டக்காரர் அடித்தால் தானும் அடிக்கிறான். இலையில் ஈரம் எத்தனை மணி நேரம் நின்றது, அப்போது உஷ்ணம் எவ்வளவு என்பதைக் கொண்டு நோய் வரும் சமயத்தை முன்கூட்டிக் கணிக்கலாம் என்பது விவசாய சாஸ்திரிகள் அறிந்த விஷயம். பூந்தொட்டி மண்ணில் ஈரம் பார்த்த அந்தப் பெண்ணுக்கு, மண்ணை விட்டு இலையைப் பார் என்று சொல்ல ஒரு தோட்டக்காரர் போதும். அவள் செய்த கருவியில் முக்கால்வாசி அப்படியே உதவும்.

1929-ம் வருஷத்து மாதிரியில் இந்தக் கேள்வியை எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு ஏக்கர் பந்தல் வைத்திருப்பவர், ஒரு போகத்தில் மருந்துக்குச் செலவிடும் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் கருவிக்கு விலையிருக்கக் கூடாது. மின்சாரம் நின்றாலும் இரண்டு நாள் ஓட வேண்டும். மருந்துத் தெளிப்பு அதன்மேல் பட்டாலும் கெடக் கூடாது. எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கும்படி தமிழில் வாயால் சொல்ல வேண்டும். கெட்டுப்போனால் கம்பம் பஜாரிலுள்ள செல்போன் ரிப்பேர்க் கடைக்காரர் அதைத் திறந்து சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு அறுப்புக்காலம் ஒரு தோட்டத்தில் இருந்து, கருவி சொன்னதும் நோய் வந்ததும் ஒத்திருந்தனவா என்று கணக்குக் காட்டியபின்தான் பரிசு. இப்படி ஒரு கேள்வியை எழுதி ஆனைமலையான்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தாரும் விவசாயிகள் சங்கத்தாரும் கையெழுத்திட்டுக் கொடுத்தால், எந்த இலச்சினையும் இல்லாமலே அது பெரிய போட்டியாகிவிடும்.

ஏலக்காயைப் பாருங்கள். விளைவது மேலே கேரள எல்லைக்குள். உழைப்பதும் வியாபாரம் செய்வதும் பெரும்பகுதி நம்மவர்கள். பச்சை ஏலக்காயில் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரம். அதைப் பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர, 'ஸ்டோர்' என்று சொல்லப்படும் உலர்த்தும் கட்டடத்தில் ஒரு நாள் முழுதும் விறகெரித்துச் சூடேற்றுகிறார்கள். சூடு மிஞ்சினால் பச்சை நிறம் போய் விலை விழும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எரிவதோ மலைக்காட்டு மரம். சூட்டை அளந்து, விறகைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி தேவை. உலர்ந்த காயைப் போடியில் தரம் பிரிப்பவர்கள் பெண்கள். நாள் முழுதும் குனிந்து உட்கார்ந்து காய் பொறுக்கும் அவர்களுக்கு, வேலையைப் பறிக்காமல் முதுகையும் கண்ணையும் காப்பாற்றும் ஒரு சாதனம் செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வி. வேலையைப் பறிக்காமல் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே போட்டிருக்கிறோம். அதை விட்டுவிட்டால் கேள்வி சுலபம், பலன் விபரீதம். விடியுமுன் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஜீப்புகளில் அடைபட்டுத் தோட்டவேலைக்குப் போகும் பெண்களின் பிரயாணம் இன்னொரு கேள்வி. இலவம்பஞ்சு உடைக்கும் களத்தில் மூச்சில் ஏறும் தூசி வேறொன்று.

இன்னும் உயிரைப் பற்றிய கேள்விகளும் இருக்கின்றன. 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி குரங்கணி மலையில் தீயில் அகப்பட்டு இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை இந்த ஜில்லா மறக்கவில்லை. 2023-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி 'அரிக்கொம்பன்' என்ற யானை கம்பம் நகரத் தெருக்களுக்குள்ளேயே வந்தது. கேரளத்தார் அதைச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு வனத்தில் விட்டபோது அதன் கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டியிருந்தார்கள். அது எங்கே நிற்கிறதென்று ஆகாயத்திலுள்ள சாட்டிலைட்டுக்குத் தெரியும். டீக்கடை வாசலில் நின்றவருக்குத் தெரியவில்லை. ஒரு மனிதர் உயிரிழந்தார். ஊரில் தடையுத்தரவு போட்டார்கள். ஜூன் 5-ந் தேதி யானையைப் பிடித்துக் களக்காடு பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். சாட்டிலைட்டுக்கும் டீக்கடைக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தைக் கடப்பது எப்படி? இரண்டு மாகாணத்து வன இலாகாக்களும் ஒரு கலாசாலையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பருவத்தில் ஆரம்பித்துவிடக்கூடிய வேலை. கைகோப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

அடுத்து, பாஷை. நாம் நடுவராக இருந்த மண்டபத்தில் ஒரு குழுவின் தலைவன் இங்கிலீஷில் பாடம் ஒப்பிப்பதுபோல் ஐந்து நிமிஷம் பேசி, நடுவில் மறந்துபோய்த் திகைத்து நின்றான். "தமிழிலேயே சொல்லப்பா" என்றோம். முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த மூன்று நிமிஷத்தில், தன் தகப்பனார் வாழைத்தாரை முதுகில் சுமந்து வரப்பில் நடக்கும் கஷ்டத்தையும், வழுக்கி விழுந்தால் தார் அடிபட்டு வியாபாரி விலையைக் குறைப்பதையும், அதற்காகத் தான் செய்த ஒற்றைச் சக்கர வண்டி ஏன் மூன்று தடவை உடைந்தது என்பதையும், அவன் சொன்ன அழகை நாம் என்ன சொல்லுவோம்! அன்று வந்தவற்றுள் நேராக வயலிலிருந்து பிறந்த கருவி அது ஒன்றுதான். இங்கிலீஷில் பேசியபோது அவன் 'விவசாயத் துறையில் தளவாடப் பரிமாற்றம்' பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தமிழில்தான் அவனுடைய தகப்பனார் வந்தார். நாமும் இங்கிலீஷ் படித்தவர்தாம். அந்தப் பாஷையின்மேல் துவேஷம் இல்லை. குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் தாய்மொழியிலேயே ஆராய்ந்து தாய்மொழியிலேயே அறிக்கை கொடுக்கலாம் என்று முதலிலிருந்தே ஏற்பாடு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும் ஏற்பாடு, கலாசாலைக்குள் கால் வைத்தவுடன் எப்படித் தப்பாகிவிடும்? வினாக்களைத் தமிழிலும் அச்சிட்டு, தமிழில் விடை சொல்பவருக்கு ஒரு மார்க்கும் குறையாது என்று விதியில் எழுதிவிட்டால் போதும். நடுவரில் ஒருவருக்குத் தமிழ் தெரியாதென்றால் மொழிபெயர்ப்பாளரை அவருக்கு வைக்கட்டும், பையனுக்கு வேண்டாம்.

நம்மை அழைத்தது சட்டத்துக்காக என்பதால் அதைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். இது சிறிது வறட்டு விஷயம்; ஆனால் நஷ்டம் வருவது இந்த இடத்தில்தான்.

பங்கெடுக்கும் மாணாக்கர் ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நாம் அதைக் கேட்டு வாங்கிப் படித்தோம். எட்டாவது பிரிவில், போட்டியில் காட்டப்படும் எல்லா யோசனைகளையும் துணை நிற்கும் ஸ்தாபனங்கள் எந்தப் பிரதியுபகாரமும் இன்றி உபயோகித்துக்கொள்ளலாம் என்று கண்டிருந்தது. எழுதியவர் யாரோ, வேறு ஏதோ ஊர்க் காகிதத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம். கெட்ட எண்ணம் இருந்ததென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பதினான்கு ஸ்தாபனங்களுக்கும் இருபத்திரண்டு குழுக்களின் மூளையை ஒரே வரியில் தானசாசனம் எழுதிக் கொடுப்பதாகும் அது. பள்ளிப் பிள்ளைகளும் கையெழுத்திட்டிருந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு. 1903-ல் பிரிவி கவுன்சில் மோகரி பீபி வழக்கில் அதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. இதை நாம் நிர்வாகிகளிடம் சொன்னபோது அவர்கள் உடனே அந்தப் பிரிவை அடித்துவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நமது வந்தனம். எல்லா இடத்திலும் சட்டம் படித்த நடுவர் இருக்கமாட்டார். ஆகவே பெற்றோர்களும் ஆசிரியர்களும் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்கட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு கண்டுபிடிப்புக்குப் பேட்டண்டு உரிமை வேண்டுமானால், விண்ணப்பம் போடும் தேதிக்கு முன் அது உலகுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். மேடையில் ஏற்றிக் காட்டி, படம் பிடித்து, பத்திரிகையிலும் போட்டுவிட்டால் புதுமை போய்விட்டது. (பத்திரிகைக்காரராகிய நாமே இதைச் சொல்வது விசித்திரம்தான்.) 1970-ம் வருஷத்துப் பேட்டண்டுச் சட்டம், மத்திய சர்க்கார் அறிவிப்புச் செய்த கண்காட்சிகளில் காட்டியவர்களுக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் தருகிறது, கலாசாலை மண்டபத்தில் நடக்கும் போட்டிகள் பெரும்பாலும் அந்த அறிவிப்பில் சேர்ந்தவையல்ல. இதற்குப் பரிகாரம் கடினமுமல்ல. முழு விவரமில்லாமல் தற்காலிக விண்ணப்பம் ஒன்றை முதலில் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுக்கலாம். கல்வி ஸ்தாபனங்களுக்குக் கட்டணத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு 2021 முதல் குறைக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் பேட்டண்டு கிடைக்காது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: விவசாயம் செய்யும் முறைக்குக் கிடையாது, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் கிடையாது. கிடைக்கக்கூடியது எது, கிடைக்காதது எது என்று மேடையேறுமுன் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியகுளம், உத்தமபாளையம், போடி வக்கீல் சங்கங்களில் இளம் வக்கீல்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு நான்கு சனிக்கிழமை இதற்கென்று ஒதுக்குவதாக ஒரு சங்கம் முன்வந்தாலும், பதினைந்தாவது இலச்சினையாக அதைத் திரையில் முதலில் போடலாம்.

பரிசு கொடுத்த மறுநாள் என்ன நடக்கிறது என்று விசாரித்தோம். பரிசு பெற்ற கருவிகள் இலாகாவின் கண்ணாடி அலமாரிக்குள் போகின்றன. செய்தவர்கள் படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, வயிறு இருக்கிறது. ஒற்றைச் சக்கர வண்டிக்காரப் பையனுக்கு அன்று மூன்றாம் பரிசு கிடைத்தது. மூன்று தடவை உடைந்த வண்டியைச் சரிசெய்ய அவனுக்கு வேண்டியது 36 மணி நேரம் அல்ல; தேனியிலோ சின்னமனூரிலோ ஒரு லேத்துப் பட்டறை முதலாளி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மூலையை அவனுக்கு விட்டுக்கொடுத்து, அச்சு ஏன் முறிகிறதென்று கூட நின்று பார்க்கவேண்டும். கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு அப்படித்தான் பட்டறையையே பள்ளிக்கூடமாக்கினார். அவருடைய முயற்சியில் 1945-ல் பிறந்த தொழிற்கல்வி ஸ்தாபனமே பின்னாளில் சர்க்கார் தொழில்நுட்பக் கலாசாலையாக வளர்ந்தது என்பதை அவ்வூர்வாசிகள் அறிவார்கள். நமது ஜில்லாவில் நூற்பாலைகள் இருக்கின்றன, காற்றாலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு உதிரிச் சாமான் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. இவர்களிடம் பணம் கேட்டு ஆள் போகிறது. பட்டறையைக் கேட்டு ஒருவரும் போனதில்லை என்று ஒரு பட்டறைக்காரர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். காமாட்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் பெரியகுளம் தோட்டக்கலைக் கலாசாலையும், கருவியை வயலில் வைத்துச் சோதிக்க நிலம் தரக்கூடியவை.

அடுத்த போட்டி அறிக்கை வருமுன், வயலிலும் ஸ்டோரிலும் பட்டறையிலும் மலையோரத்திலும் இருப்பவர்கள் தங்கள் கஷ்டத்தைக் கேள்வியாக எழுதித் தரவேண்டுமென்று விரும்புகிறோம். யார் வேலை செய்கிறார்கள், எந்த இடத்தில், இப்போது எப்படிச் செய்கிறார்கள், அதில் என்ன நஷ்டம், எவ்வளவு விலைவரை கொடுக்க முடியும் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். இலக்கணம் பார்க்க வேண்டாம். அது நமது வேலை. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். வருகிறவற்றில் தகுந்ததை வாரம் ஒன்றாக இந்தப் பக்கத்திலேயே பிரசுரித்து, போட்டி நடத்தும் கலாசாலைகளுக்கும் ஸ்தாபனங்களுக்கும் பிரதிகள் அனுப்புகிறோம். தாளின் ஒரு புறம் மட்டும் எழுதி, ஊர்ப்பெயரைத் தவறாமல் குறிப்பிட வேண்டுகிறோம்.